சேனல் 19: எதிரே வருபவர் சொன்ன சாலை

1973 டிசம்பர் முதல் வாரம். அமெரிக்காவில் கிழக்கு மேற்காக ஓடும் இன்டர்ஸ்டேட் 80 நெடுஞ்சாலையில், பென்சில்வேனியா மாநிலத்துக்குள், ஒரு லாரி ஓட்டுநர் வண்டியைச் சாலையிலேயே நிறுத்தினார். டேங்கில் டீசல் தீரும் நிலை. வழியில் இருந்த பெட்ரோல் பங்குகளில் கேட்ட அளவுக்கு ஊற்றவில்லை. ஊற்றிய கொஞ்சத்துக்கும் விலை எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. அவர் வண்டியில் இருந்த சின்ன ரேடியோவின் மைக்கை எடுத்து, சுற்றுவட்டாரத்தில் ஓடிக்கொண்டிருந்த மற்ற ஓட்டுநர்களிடம் நிலைமையைச் சொன்னார். அவருக்குப் பின்னால் வரிசையாக லாரிகள் நின்றன. நூற்றுக்கணக்கில் நின்றன. அந்த ஓட்டுநரை அலைவரிசையில் எல்லோரும் ‘ரிவர் ராட்’ என்று அழைத்தார்கள். ஆற்றெலி என்று பொருள். அடுத்தடுத்த நாட்களில் ஒஹையோ உள்ளிட்ட மாநிலங்களிலும் நெடுஞ்சாலைகள் மறிக்கப்பட்டன.

இதைத் தொலைக்காட்சியில் பார்த்த அமெரிக்கர்கள் திகைத்தார்கள். நின்றவர்களில் பெரும்பாலோர் எந்தத் தொழிற்சங்கத்திலும் இல்லாதவர்கள். கடன் வாங்கிச் சொந்த வண்டி ஓட்டுகிறவர்கள். கூட்டம் போடவில்லை, துண்டறிக்கை அடிக்கவில்லை. ஒருவரை ஒருவர் நேரில் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் ஒரே நேரத்தில் பிரேக் போட்டார்கள். இதைச் செய்துகாட்டிய கருவியின் பெயர் சிட்டிசன்ஸ் பேண்ட். சுருக்கமாக, சி.பி.

அந்தக் கருவியில் பேசிப் பேசி லாரிக்காரர்கள் உருவாக்கிய பாஷை பின்னால் பாட்டாகி, படமாகி, வீட்டுக்கு வீடு விளையாட்டாகப் போனது. அதனால் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைப்பவர்கள் அதிகம். கூர்ந்து கேட்டால், அந்தப் பாஷையின் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு கூலிக் கணக்கு இருக்கிறது.

கணக்கை முதலில் பார்த்துவிடலாம். 1973 அக்டோபரில் அரபு – இஸ்ரேல் போர் மூண்டது. இஸ்ரேலுக்கு ஆயுதம் தந்த அமெரிக்காவுக்கு அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. நவம்பரில் அதிபர் நிக்சன் தொலைக்காட்சியில் தோன்றி, ஞாயிற்றுக்கிழமை பெட்ரோல் விற்க வேண்டாம் என்று பங்குகளைக் கேட்டுக்கொண்டார். வேகத்தைக் குறைக்கச் சொன்னார். 1974 ஜனவரி 2 அன்று அது சட்டமானது. நாடு முழுக்க மணிக்கு 55 மைல்தான் உச்ச வேகம். நம் கணக்கில் சுமார் 88 கிலோமீட்டர்.

அதற்கு முன்பு மேற்குச் சமவெளிகளில் 70 மைல் வேகத்தில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. ஓட்டுநருக்குக் கூலி பெரும்பாலும் மைல் கணக்கில். 10 மணி நேரம் ஓட்டினால் 8 மணி நேரம் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும் என்பது அன்றைய மத்திய அரசு விதி. 70-ல் ஓட்டினால் 10 மணி நேரத்தில் 700 மைல். 55-ல் ஓட்டினால் 550. ஒரு ஷிப்டில் 150 மைல் கூலி காற்றில் போகிறது. வண்டிக்கடனின் தவணையோ குறையவில்லை. டீசல் விலையோ ஏறிவிட்டது. வேகமாகப் போனால் அபராதம், சட்டப்படி போனால் நஷ்டம். இந்த இடுக்கில் மாட்டிக்கொண்ட மனிதர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டியிருந்தது: அடுத்த பத்து மைலில் போலீஸ் எங்கே நிற்கிறது?

இந்தக் கேள்விக்கு விடை வைத்திருப்பவர் ஒரே ஒருவர்தான். எதிர்ப்பக்கத்தில் வருகிறவர். நான் இனிமேல் போகப்போகும் சாலையை அவர் இப்போதுதான் கடந்து வந்திருக்கிறார். அவர் போகப்போகும் சாலையை நான் கடந்து வந்திருக்கிறேன். அவருடைய முடிந்த அரை மணி நேரத்தை எனக்குத் தந்தால், என்னுடையதை அவருக்குத் தருவேன். சி.பி. பேச்சின் அச்சாணி இந்தக் கொடுக்கல் வாங்கல்தான். முகம் தெரியாத இருவர், எதிரெதிர்த் திசையில், ஒருவரை ஒருவர் கடக்கும் சில நிமிடங்களுக்குள் இதை முடித்தாக வேண்டும். அதனால்தான் அந்தப் பேச்சு அவ்வளவு சுருக்கமாகவும் சங்கேதமாகவும் ஆனது.

அந்தக் கருவியின் சக்தியும் இதற்குப் பொருந்தி வந்தது. பொதுமக்கள் சொந்த உபயோகத்துக்கு ரேடியோவில் பேசிக்கொள்ள அலைவரிசை ஒதுக்குவது என்று அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. 1945-லேயே முடிவெடுத்தது. இன்று நாம் சி.பி. என்று சொல்லும் 27 மெகாஹெர்ட்ஸ் பகுதி 1958-ல் திறக்கப்பட்டது. 23 சேனல்கள். செட்டின் சக்தி 4 வாட்டைத் தாண்டக் கூடாது. அந்தச் சக்திக்கு, ஓடும் வண்டிகளுக்கு இடையே, குரல் சில மைல் தூரம் போகும். மேடு பள்ளமும் ஆன்டெனாவும் அதைக் கூட்டும் குறைக்கும். கேட்பதற்குக் குறையாகத் தோன்றலாம். லாரிக்காரருக்கோ இந்தக் குறைதான் வசதி. காதில் விழும் எல்லாக் குரலும் பக்கத்தில் இருப்பவருடைய குரல். அவர் சொல்லும் எல்லாச் செய்தியும் தன் சாலையைப் பற்றியது. வண்டி நகர நகர, பேசும் ஊரும் கூடவே நகர்ந்தது.

வழக்கமான ஒரு உரையாடலை நம் பேச்சில் எழுதினால் இப்படி இருக்கும்:

“பிரேக்கர் ஒன்-நைன்! மேற்கே போற வண்டி, காதைத் திறந்து வெச்சிருக்கியா?”

“இருக்கேன், சொல்லு.”

“உன் தோளுக்குப் பின்னால எப்படி இருக்கு?”

“143-ஆம் கல்லுல கரடி ஒண்ணு படம் எடுத்துக்கிட்டு இருக்கு. வெறும் வெள்ளைக் காகிதத்துல சுத்தின கரடி. 130 கிட்ட ஹேமர் லேன்ல பெரிய முதலை கிடக்கு. கோழிக்கூடு பூட்டியிருக்கு. எனக்கு எப்படி?”

“மாநில எல்லை வரைக்கும் சுத்தமா இருக்கு. மிதிச்சுப் போ.”

“டென்-ஃபோர். பளபளப்பு மேல, பிசுக்கு கீழ.”

‘பிரேக்கர்’ என்றால் பேச்சில் குறுக்கிட அனுமதி கேட்பது. ஒன்-நைன் என்பது 19-ஆம் சேனல், லாரிக்காரர்களின் பொதுச்சாவடி. கரடி என்றால் மாநில நெடுஞ்சாலைப் போலீஸ். காட்டுத் தீயைத் தடுக்க அமெரிக்க வனத்துறை 1944-ல் உருவாக்கிய ‘ஸ்மோக்கி’ என்ற கார்ட்டூன் கரடி தலையில் வைத்திருக்கும் அகல விளிம்புத் தொப்பியும், பல மாநிலப் போலீஸின் தொப்பியும் ஒரே வார்ப்பு. அதிலிருந்து போலீஸ்காரர் ‘ஸ்மோக்கி’ ஆனார், பிறகு வெறும் கரடி ஆனார், பிறகு ஒரு கரடிக் குடும்பமே பிறந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் குட்டிக் கரடி. விமானத்தில் பறந்து வேகம் கணிப்பவர் வானத்துக் கரடி. மறைந்து நின்று பிடித்தால் கரடிப் பொறி. அபராதம் கட்டுவது, கரடிக்குத் தீனி போடுவது. மாவட்ட ஷெரீஃபின் ஆளுக்கு மட்டும் ‘கவுண்ட்டி மவுண்ட்டி’ என்று எதுகையோடு தனிப் பெயர். படம் எடுப்பது என்றால் ரேடார் துப்பாக்கியால் வேகம் பார்ப்பது. வெள்ளைக் காகிதத்தில் சுற்றியது என்றால் அடையாளம் இல்லாத வெள்ளை நிறப் போலீஸ் கார். பழுப்பு நிறமானால் பழுப்புக் காகிதம்.

ஹேமர் லேன் என்பது வேகமாகப் போகும் இடப்பக்கத் தடம். அமெரிக்காவில் வலப்பக்கமாக ஓட்டுவதால் மெதுவாகப் போகிறவர்கள் வலது ஓரம். அதற்குப் பாட்டித் தடம் என்று பெயர். முதலை என்பது, வெடித்த டயரிலிருந்து பிய்ந்து சாலையில் கிடக்கும் ரப்பர் பட்டை. தூரத்திலிருந்து பார்த்தால் படுத்திருக்கும் முதலையேதான். சக்கரம் ஏறினால் அது துள்ளி எழுந்து காற்றுக் குழாயையும் வயரையும் அறுத்துவிடும். கடிக்கும் என்பது வெறும் உருவகம் இல்லை. பளபளப்பு மேலே, பிசுக்கு கீழே என்பது விடைபெறும் வாழ்த்து. வண்டி கவிழாமல் ஊர் போய்ச் சேர் என்பதை இதைவிடச் சுருக்கமாகவும் அன்பாகவும் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

இந்தச் சின்ன உரையாடலின் ஒழுங்கைக் கவனியுங்கள். முதலில் திசை, பிறகு மைல் கல், பிறகு தடம், பிறகு பொருள். இன்டர்ஸ்டேட் சாலைகளில் மைல் எண் பொதுவாக மாநிலத்தின் மேற்கு அல்லது தெற்கு எல்லையில் தொடங்கும். அந்த எண்ணைச் சொல்லிவிட்டால் இடம் பற்றி வேறு விளக்கம் தேவையில்லை. தப்பான எண் சொல்பவருக்கு மரியாதை கிடைக்காது. வாங்கிய செய்திக்குப் பதில் செய்தி சொல்லாமல் போகிறவருக்கும் கிடைக்காது.

‘டென்-ஃபோர்’ மட்டும் லாரிக்காரர்கள் உருவாக்கியது இல்லை. அது கரடிகளிடமிருந்தே வந்தது. 1930-களின் இறுதியில் இலினாய் மாநிலப் போலீஸின் தகவல் தொடர்புப் பிரிவில் இருந்த சார்லஸ் ஹாப்பர், ரேடியோ பேச்சைச் சுருக்க எண் குறியீடுகளை வகுத்தார். அன்றைய வண்டி ரேடியோக்களில் மைக் பொத்தானை அழுத்தியதும் டிரான்ஸ்மிட்டர் உடனே முழுச் சக்திக்கு வராது. அதற்கு மின்சாரம் தரும் சிறு மோட்டார் வேகம் பிடிக்க நொடியின் ஒரு பங்கு ஆகும். அதற்குள் சொன்ன முதல் அசை காணாமல் போய்விடும். எனவே ஒவ்வொரு குறியீட்டுக்கும் முன்னால் ‘டென்’ என்று ஒரு சொல்லை வைத்தார். விழுங்கப்பட்டால் அது விழுங்கப்படட்டும், பின்னால் வரும் எண் பிழைத்துக்கொள்ளும். மோட்டார்கள் மறைந்து பல பத்தாண்டுகளான பிறகும் அந்த ‘டென்’ ஒட்டிக்கொண்டே இருக்கிறது. 10-4 என்றால் புரிந்தது. 10-9, திரும்பச் சொல். 10-20, இருக்கும் இடம். ‘உன் ட்வென்ட்டி என்ன?’ என்று கேட்பது இதிலிருந்துதான். 10-33, அவசரம், எல்லோரும் வாயை மூடு. 10-100 என்பது சிறுநீர் கழிக்க ஒதுங்குவதற்கு லாரிக்காரர்களே சேர்த்துக்கொண்டது. முத்தத்துக்கு 88, வாழ்த்துக்கு 73 என்பவை தந்தி ஊழியர்களின் காலத்திலிருந்து வந்த பழம் எண்கள்.

கதவும் நாற்காலியும்

55 மைல் சட்டம் உருவாக்கியவற்றில் மிகவும் நுட்பமானது கான்வாய். முகம் தெரியாத ஐந்தாறு லாரிகள் ஒன்று சேர்ந்து வேகமாகப் போகும். முதலில் போகும் வண்டி முன்வாசல். அவர் கண்ணை முன்னால் வைத்து, மறைந்திருக்கும் போலீஸைத் தேடுவார். ஆபத்து அவருக்குத்தான் அதிகம். ரேடார் முதலில் தொடுவது அவரை. கடைசி வண்டி பின்வாசல். பின்னாலிருந்து நெருங்கிவரும் கார் போலீஸா என்று பக்கக் கண்ணாடியில் பார்ப்பது அவர் வேலை. நடுவில் இருப்பவர்களுக்கு ஆடும் நாற்காலி. முன்னாலும் பின்னாலும் காவல் இருப்பதால் அவர்கள் நிம்மதியாகச் சாய்ந்துகொள்ளலாம். பல மணி நேரம் முன்வாசலில் இருந்தவர் களைத்தால், இன்னொருவர் வந்து பொறுப்பை வாங்கிக்கொள்வார். யாரும் யாருக்கும் முதலாளி இல்லை, சம்பளம் இல்லை, கையெழுத்து இல்லை. வெளியேறும் பாதை வந்தால், சொல்லிவிட்டுப் பிரிந்துவிடுவார்கள். பெரும்பாலும் மறுபடி சந்திக்கவே மாட்டார்கள். சங்கம் வைக்க முடியாமல் சிதறிக் கிடந்த தொழிலாளர்கள், மணிக்கணக்கில் மட்டுமே உயிரோடிருக்கும் சங்கங்களைச் சாலையிலேயே அமைத்துக்கொண்டார்கள். இதை நான் பெரிய சாதனையாகவே கருதுகிறேன்.

கோழிக்கூடு என்றால் நெடுஞ்சாலை ஓரத்து எடைச் சாவடி. 1975 தொடக்கத்திலிருந்து மத்திய சட்டம் அனுமதித்த உச்ச எடை 80,000 பவுண்டு, சுமார் 36 டன். கூடுதல் எடை, தேய்ந்த டயர், ஓட்டுநரின் குறிப்பேடு எல்லாம் அங்கே பார்க்கப்படும். குறிப்பேடு என்பது எத்தனை மணி நேரம் ஓட்டினோம், எத்தனை மணி நேரம் தூங்கினோம் என்று ஓட்டுநர் தன் கையாலேயே கோடு போட்டு நிரப்புவது. அதற்கு அலைவரிசையில் பெயர் ‘காமிக் புக்’, படக்கதைப் புத்தகம். எழுதியிருப்பது நிஜமில்லை என்பது எழுதியவருக்கும் தெரியும், சோதிப்பவருக்கும் தெரியும். சரியாக எழுதினால் லோடு நேரத்துக்குப் போய்ச் சேராது. தூக்கமில்லாமல் ஓட்டியவர்கள் செத்திருக்கிறார்கள், சாலையில் போனவர்களையும் சாகடித்திருக்கிறார்கள். சிரிக்க வைக்கும் அந்தப் பெயருக்கு அடியில் இவ்வளவும் இருக்கிறது.

இந்தப் பேச்சைப் போலீஸ் கேட்கவில்லையா? நன்றாகக் கேட்டது. பல மாநிலங்களில் போலீஸ் வண்டிகளிலேயே சி.பி. செட் வைத்தார்கள். கரடி என்றால் தாங்கள்தான் என்று ஒவ்வொரு போலீஸ்காரருக்கும் தெரியும். எனவே இதை ரகசிய மொழி என்று சொல்வது பொருந்தாது. இரைச்சலுக்கு நடுவே சட்டென்று காதில் பிடிபடும் சொற்கள் வேண்டும், அந்தச் சொற்களைச் சரியாகப் பயன்படுத்துகிறவர் நம்மவர் என்று உடனே தெரிய வேண்டும். தேவை இந்த இரண்டுதான். போலீஸுக்கும் இதில் லாபம் இருந்தது: விபத்துச் செய்தி முதலில் வருவது லாரிக்காரரிடமிருந்துதான். 1970-ல் எஃப்.சி.சி. 9-ஆம் சேனலை அவசர உதவிக்கென்று ஒதுக்கியது. 1962-ல் தொடங்கிய ரியாக்ட் என்ற அமைப்பின் தன்னார்வலர்கள் வீட்டில் செட்டை வைத்துக்கொண்டு அதைக் கேட்டபடி இருந்தார்கள். கைபேசி இல்லாத காலத்தில், பனியில் மாட்டிய குடும்பத்துக்கும் கவிழ்ந்த காருக்கும் ஆம்புலன்ஸ் வந்தது பல நேரம் இப்படித்தான்.

சி.பி.யில் பேச அன்று உரிமம் வேண்டும், அந்த உரிம எண்ணைச் சொல்லித்தான் பேச வேண்டும் என்பது சட்டம். வேகச் சட்டத்தை மீறுவதைப் பற்றிப் பேசும்போது யார் எண்ணைச் சொல்வார்கள்? அதனால் வந்தவைதான் ‘ஹேண்டில்’ என்ற புனைபெயர்கள். 1976 தேர்தல் பிரசாரத்தில் அதிபரின் மனைவி பெட்டி ஃபோர்டே ‘ஃபர்ஸ்ட் மாமா’, அதாவது நாட்டின் முதல் அம்மா, என்ற பெயரில் சி.பி.யில் பேசினார்.

அந்த அளவுக்கு அது பரவக் காரணம் ஒரு பாட்டு. ஓமஹா நகரில் விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்த பில் ஃப்ரைஸ், ரொட்டி விளம்பரத்துக்காக ஒரு லாரி ஓட்டுநர் பாத்திரத்தை உருவாக்கி, சி. டபிள்யூ. மெக்கால் என்ற பெயரில் பாடத் தொடங்கினார். சிப் டேவிஸ் இசையில் 1975 இறுதியில் வெளிவந்த அவரது ‘கான்வாய்’, 1976 ஜனவரியில் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. முழுக்க சி.பி. பாஷையில் சொல்லப்பட்ட கதை அது. 1977-ல் பர்ட் ரெனால்ட்ஸ் நடித்த ‘ஸ்மோக்கி அண்ட் த பேண்டிட்’, 1978-ல் சாம் பெக்கின்பா அந்தப் பாட்டையே வைத்து எடுத்த ‘கான்வாய்’ என்று படங்கள் வந்தன. அலுவலகம் போகிறவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் செட் வாங்கினார்கள். உரிம விண்ணப்பங்கள் எஃப்.சி.சி.யில் மலையாகக் குவிந்தன. 1977 ஜனவரி 1 முதல் சேனல்கள் 40 ஆயின. 1983-ல் தனிநபர் உரிமமே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். வடக்கத்திய நகரவாசிகள்கூட மைக்கைப் பிடித்ததும் தென்மாநில இழுவையில் பேசினார்கள்.

கூட்டம் கூடியதும் லாரிக்காரருக்குத் தன் சாவடியிலேயே இடமில்லாமல் போனது. பக்கத்து வண்டியின் குரல் கேட்காத அளவுக்கு இரைச்சல். போதாததற்கு, 1970-களின் இறுதியில் சூரியனில் கரும்புள்ளிகள் பெருகும் பருவம் வந்தது. அப்போது 27 மெகாஹெர்ட்ஸ் அலைகள் வானத்தின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான மைல் தாண்டி விழும். பக்கத்துச் சாலைக்காகக் காத்திருந்த காதில் வேறு ஏதோ மாநிலத்தின் உளறல் வந்து நிறைந்தது. தோழமையாக விளித்த ‘குட் படி’ என்ற சொல்லைச் சினிமா பார்த்தவர்கள் எல்லாம் சொல்லத் தொடங்க, லாரிக்காரர்கள் அதைக் கைவிட்டார்கள். நாளடைவில் அது வசவாகவே மாறிவிட்டது. இன்று ஒருவரை ஒருவர் ‘டிரைவர்’ என்று அழைத்துக்கொள்வதே மரியாதை.

இந்த அலைவரிசையை நந்தவனமாகக் காட்டினால் நேர்மையாகாது. முகம் தெரியாது என்ற துணிச்சலில் இனவெறி வசவு தாராளமாகக் கொட்டப்பட்டது. குரலை வைத்தே ஒருவர் கறுப்பினத்தவர் என்று ஊகித்துத் தாக்கிப் பேசுவது நடந்தது. கறுப்பின சி.பி. ஆர்வலர்கள் தங்களுக்கென்று தனி வட்டங்களை அமைத்துக்கொண்டார்கள். காரில் போகும் பெண்களைக் குறித்துச் சொல்லப்பட்டவற்றை இங்கே எழுத விரும்பவில்லை. லாரி ஓட்ட வந்த பெண்கள் அதையெல்லாம் கேட்டுக்கொண்டேதான் வண்டி ஓட்டினார்கள். இந்தப் பாஷையின் அகராதிகளைத் தொகுத்தவர்கள் இவற்றையும் நகைச்சுவைச் சொற்களாகவே சேர்த்துக்கொண்டார்கள். அது தவறு.

பிறகு என்ன ஆனது?

எந்தச் சட்டத்தால் இந்தப் பாஷை தழைத்ததோ அந்தச் சட்டம் 1987-ல் தளர்ந்து, 1995-ல் நீங்கியது. 1980-ல் சரக்குப் போக்குவரத்துக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டதும் போட்டி பெருகி வாடகை சரிந்தது. கைபேசி வந்தது. முன்னால் போலீஸ் நிற்கிறது என்பதைச் செயலி சொல்கிறது. கையால் கோடு போட்ட குறிப்பேட்டை ஒழித்து, இன்ஜினோடு இணைந்த மின்னணுப் பதிவுக் கருவி 2017 டிசம்பர் முதல் பெரும்பாலான வண்டிகளுக்குக் கட்டாயமானது. ‘காமிக் புக்’ என்ற சொல்லுக்குப் பொருளே போய்விட்டது. ஓட்டுகிறவர்களும் மாறிவிட்டார்கள். கலிபோர்னியாவிலிருந்து கிளம்பும் லாரிகளில் பஞ்சாபிகள் ஏராளம். நெடுஞ்சாலை ஓரங்களில் அவர்களுக்காகத் தாபாக்கள் திறந்திருக்கின்றன. தென்மாநில ஆங்கிலத்தில் வேரூன்றிய சேனல் 19 பாஷை அவர்கள் வீட்டுப் பேச்சு இல்லை.

செயலி சொல்லும் செய்தி துல்லியமானது என்பதை மறுக்க முடியாது. ஆனால் நள்ளிரவு இரண்டு மணிக்கு நெப்ராஸ்கா சமவெளியில் கண் சொருகும் ஓட்டுநரிடம், ‘ஏம்பா, கோடு தாண்டிப் போறியே, தூங்கிட்டியா?’ என்று பின்னால் வருகிறவர் அதட்டுவார். அந்த அதட்டலில் உயிர் பிழைத்தவர்கள் உண்டு. செயலிக்கு அந்த அக்கறை கிடையாது. முன்பு செய்தியைப் பெற்றவர் பதிலுக்கு ஒன்றைத் தர வேண்டியிருந்தது. இப்போது அப்படி ஒரு கடமை இல்லை. இழந்தது இதைத்தான் என்று எனக்குப் படுகிறது.

ஆனாலும் சி.பி. சாகவில்லை. வண்டி ஓட்டும்போது கைபேசியைக் கையில் பிடிக்கக் கூடாது என்று 2012-ல் சரக்கு வண்டி ஓட்டுநர்களுக்கு மத்திய அரசு தடை போட்டபோது, சி.பி. ரேடியோவை அதிலிருந்து விலக்கிவைத்தது. பிரம்மாண்டமான காற்றாலை இறக்கைகளை ஏற்றிச் செல்லும் லாரிக்கு முன்னும் பின்னும் போகும் வழிகாட்டிக் கார்கள், குறுகலான பாலத்தையும் தாழ்ந்த மின்கம்பியையும் இன்றும் சி.பி.யில்தான் எச்சரிக்கின்றன. கல் குவாரியிலும் மரம் ஏற்றும் மலைப்பாதையிலும், நுழைவாயிலில் ஒரு பலகை எந்தச் சேனலில் பேச வேண்டும் என்று சொல்லும்; குறுகிய வளைவில் எதிரே யார் வருகிறார்கள் என்று அதில் கேட்டுத்தான் ஏற வேண்டும். சிக்னல் கிடைக்காத வயோமிங் மலைவெளியில், பனிக்காற்றில் சாலை மறைந்து வண்டிகள் ஒன்றன் மேல் ஒன்று மோதும்போது, பின்னால் வருகிறவர்களை நிறுத்துவதற்குப் பக்கத்து வண்டிக்குச் சட்டென்று போய்ச் சேரும் குரல் இதுதான்.

2021-ல் எஃப்.சி.சி. சி.பி.யில் வழக்கமான ஏ.எம். முறையோடு எஃப்.எம். முறையையும் அனுமதித்தது. தயாரிப்பாளர்கள் இப்போது இரண்டும் உள்ள செட்டுகளை விற்கிறார்கள். எஃப்.எம்.மில் இரைச்சல் குறைவு, குரல் தெளிவு. இருந்தும் சேனல் 19-ல் பழைய ஏ.எம்.தான் ஓடுகிறது. எதிரே வருகிற வண்டியில் எந்தக் காலத்துச் செட் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அவரும் கேட்டாக வேண்டுமே.